விருதுக்கு முன்னால் ஒரு முகாம்

வணக்கம் ஐயா,

என் மகன் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். ஆறாம் வகுப்பிலிருந்து பள்ளியில் சாரணர் இயக்கத்தில் இருக்கிறான். போன வருஷம் திரிதிய சோபான் என்கிற மூன்றாம் படியை முடித்துவிட்டான். இப்போது ராஜ்ய புரஸ்கார் என்கிற மாநில விருதுத் தேர்வுக்குத் தயாராகச் சொல்கிறார்கள். எனக்கு ஒரு சங்கடம். இத்தனை வருஷத்தில் அவன் முகாம் என்று தங்கியது ஒரே ஒரு ராத்திரி, அதுவும் பள்ளி வளாகத்துக்குள்ளேயே. சாப்பாடு வெளியிலிருந்து வேனில் வந்தது. மற்றபடி வெள்ளிக்கிழமை சாயங்காலம் வகுப்பறையில் முடிச்சு போடுகிறார்கள், செய்ததைக் குறித்து வைக்கும் லாக் புக் எழுதுகிறார்கள். ஒருநாள் எட்டிப் பார்த்தால், சீனியர் பையனுடைய லாக் புக்கை வைத்து அப்படியே காப்பி எடுத்துக்கொண்டிருந்தான். கேட்டதற்கு "எல்லாரும் இப்படித்தாம்மா" என்றான். அடுத்த வருஷம் பத்தாம் வகுப்பு, இதை விட்டுவிடலாம் என்கிறார் கணவர். விருது வாங்கினால் ரயில்வேயில் வேலை கிடைக்கும், விடாதே என்கிறார் என் அண்ணன். நான் என்ன செய்யட்டும்?

(பெயர் வேண்டாம்), திண்டுக்கல்

அன்புள்ள சகோதரிக்கு,

விட வேண்டாம். ஆனால் ராஜ்ய புரஸ்காருக்கு இப்போதே அனுப்பவும் வேண்டாம்.

முதலில் ரயில்வே விஷயத்தை முடித்துவிடுகிறேன். ரயில்வேயில் சாரணர்களுக்கென்று தனி ஒதுக்கீடு இருப்பது உண்மைதான். ஆனால் அதற்கு ராஜ்ய புரஸ்கார் போதாது. அதற்கு மேலே இருக்கும் குடியரசுத் தலைவர் விருது வேண்டும், அல்லது பெரியவர்களுக்கான ஹிமாலயன் உட் பேட்ஜ் பயிற்சியை முடித்திருக்க வேண்டும், அதோடு இயக்கத்தில் தொடர்ந்து இருந்து வந்திருக்கவும் வேண்டும். இடங்களோ விரல்விட்டு எண்ணிவிடலாம். அதை நம்பி ஒரு பதினான்கு வயதுப் பையனின் சாயங்காலங்களைத் திட்டமிடுவது நியாயம் இல்லை. அண்ணனிடம் அன்பாகச் சொல்லிவிடுங்கள்.

லாக் புக்கைக் காப்பி அடித்தான் என்பதற்காக அவனைத் திட்டாதீர்கள். போகாத நடைப்பயணத்தைப் பற்றி ஒரு பையன் வேறு எப்படித்தான் எழுதுவான்? எத்தனை மணிக்குக் கிளம்பினோம், எந்தத் திசையில் திரும்பினோம், வழியில் எங்கே கிணறு, எங்கே கோயில், வடக்கு எந்தப் பக்கம் என்று குறித்து ஒரு வரைபடம் போட வேண்டும். நடந்திருந்தால் அரை மணி நேரத்தில் போட்டுவிடுவான். நடக்காதவனுக்கு சீனியருடைய நோட்டு ஒன்றுதான் கதி. குற்றம் அவனுடையது இல்லை.

சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் 1907 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரவுன்ஸீ தீவில் இருபதுக்குச் சற்றே கூடுதலான பையன்களை வைத்து நடத்திய முதல் முகாமைப் பற்றி சாரணர் எல்லாருக்கும் பாடமாகச் சொல்லித் தருகிறார்கள், தேர்விலும் கேட்கிறார்கள். அதில் எனக்குப் பிடித்த விஷயத்தை மட்டும் அவ்வளவாக யாரும் சொல்வதில்லை. வந்ததும் பையன்களுக்கு ஒரு பித்தளைச் சின்னம் கொடுத்தார்கள். முடிச்சு, தடம் பார்த்தல், தேசியக் கொடி என்று அங்கேயே, அந்தத் தீவிலேயே, சோதித்துப் பார்த்துத் தேறியவர்களுக்கு 'தயாராக இரு' என்று பொறித்த இன்னொரு சின்னம், முதல் சின்னத்துக்குக் கீழே குத்திக்கொள்ள. இன்று நாம் பிரவேஷ், பிரதம சோபான், துவிதிய சோபான் என்று ஏணி ஏணியாக வைத்திருக்கிறோமே, அதற்கெல்லாம் முன்னோடி அந்தச் சின்னம்தான். மண்ணில் குனிந்து தடம் தேடிய பையனுக்கு, அந்த வாரமே, அவன் தேடியதைப் பார்த்தவர்கள் கொடுத்தது. விருது என்றால் எனக்கு அதுதான் அளவுகோல்.

இரண்டு கழிகளைக் குறுக்காக வைத்துக் கட்டும் சதுரக் கட்டு என்று ஒன்று உண்டு, உங்கள் மகனுக்குத் தெரிந்திருக்கும். நிற்கும் கழியில் க்ளோவ் ஹிட்ச் என்ற முடிச்சு ஒன்று, பிறகு குறுக்குக் கழியோடு சேர்த்து மூன்று சுற்று, இரண்டு கழிகளுக்கும் நடுவில் புகுத்தி இரண்டு சுற்று இறுக்கி, மறுபடி ஒரு க்ளோவ் ஹிட்ச். வகுப்பறையில் இரண்டு ஸ்கேலையும் ஒரு நூலையும் வைத்துப் போட்டால் அழகாக வரும், பரிசோதகரும் டிக் போட்டுவிடுவார். அதையே ஒரு தோப்பில் மூங்கிலும் கயிறும் வைத்துக் கட்டி, மேலே ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கி வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நடுவில் இறுக்கும் அந்த இரண்டு சுற்றை ஏனோதானோ என்று விட்டவனுடைய கட்டு சறுக்கி, வாளி அப்படியே சாயும். அதற்கப்புறம் அந்தப் பையனுக்கு யாரும் அதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

எங்கள் பக்கத்து அரசுப் பள்ளிச் சாரணர்களோடு துணைக்குப் பெரியவர் ஒருவர் வேண்டும் என்று கேட்டால் நான் போவது உண்டு. ஒருமுறை மதுரைக்குப் பக்கத்தில் நாகமலைப் புதுக்கோட்டையிலிருந்து கீழக்குயில்குடிக்கு நடந்தோம். சமணர் மலை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பதால் மலையடிவாரத்தில் அடுப்பு மூட்டக் கூடாது என்று சாரண ஆசிரியர் முன்பே சொல்லி, தள்ளி ஒரு தென்னந்தோப்பில் உரிமையாளரிடம் அனுமதி வாங்கி வைத்திருந்தார். முந்தின நாள் ராத்திரி மழை. விறகெல்லாம் ஈரம். ஓர் அணி ஊதி ஊதிக் கண் சிவந்து உட்கார்ந்திருந்தது. அணியிலேயே சின்னப் பையன், ஏழாம் வகுப்பு, யாரிடமும் சொல்லாமல் எழுந்து போய், தென்னை மட்டையின் இடுக்கில் நனையாமல் இருந்த பன்னாடையைப் பிய்த்துக்கொண்டு வந்தான். பற்றிக்கொண்டது. சாதம் கொதிக்கும்போதுதான் கரண்டி எடுத்து வரவில்லை என்று தெரிந்தது. அணித் தலைவன் சத்தம் போடவில்லை. "கரண்டி யார் பொறுப்பு?" என்று மட்டும் கேட்டான். ஒருவன் கையைத் தூக்கினான், தானே போய் ஒரு பச்சை மூங்கிலைக் கத்தியால் சீவிக்கொண்டு வந்தான். சாரண ஆசிரியர் இதையெல்லாம் பத்தடி தள்ளி உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார், எழுந்து வரவே இல்லை. அந்த மனுஷர் மேல் எனக்கு அன்றைக்கு வந்த மரியாதை கொஞ்சம் இல்லை.

இந்த இயக்கத்தின் உயிரே அந்த அணி முறைதான். ஆறிலிருந்து எட்டுப் பையன்கள், அவர்களில் ஒருவனே தலைவன், ஆசிரியர் அவன் வழியாகத்தான் வேலை வாங்க வேண்டும். இப்படிச் சில அணிகள் சேர்ந்த ஒரு படையில் 32 பேருக்கு மேல் வேண்டாம் என்று பேடன் பவல் சொன்னதற்குக் காரணம் அழகானது: தன்னால் 16 பையன்களைத்தான் கவனிக்க முடிந்தது, மற்றவர்கள் தன்னைவிட இரண்டு மடங்கு திறமையானவர்கள் என்று வைத்துக்கொண்டால் 32 என்று கணக்குப் போட்டார். நம் பள்ளிகளில் பல இடங்களில் எண்பது தொண்ணூறு பேரை ஒரே வரிசையில் நிறுத்தி விசில் அடிக்கிறார்கள். அங்கே அணித் தலைவன் என்பது சட்டையில் தைத்த பட்டை மட்டும்தான்.

இயக்கம் நம் நாட்டுக்கு வந்த கதையும் இங்கே ஞாபகம் வருகிறது. 1909இல் பெங்களூரில் முதல் படை தொடங்கியபோது அது ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியப் பையன்களுக்கு மட்டும். நம் பையன்களுக்கு இடம் கிடையாது. 1916இல் சென்னையில் அன்னி பெசன்ட்டும் அருண்டேலும் இந்தியப் பையன்களுக்கென்றே தனியாக ஒரு சங்கத்தைத் தொடங்கினார்கள். இப்படி வேறு வேறாக நடந்தவை எல்லாம் சேர்ந்து 1950 நவம்பர் 7 அன்று பாரத சாரணர் இயக்கம் ஆனது, அடுத்த ஆண்டு சாரணியரும் இணைந்தார்கள். அதன் 75 ஆண்டை ஒட்டித்தான் 2025 ஜனவரிக் கடைசியில் உங்கள் பக்கத்து மணப்பாறையில் அவ்வளவு பெரிய பெருந்திரளணி (ஜாம்போரி) நடந்தது, நாடு முழுவதிலுமிருந்து பிள்ளைகள் வந்து கூடாரம் அடித்துத் தங்கினார்கள். இடமே இல்லை என்று தள்ளி வைக்கப்பட்டிருந்த ஒன்றைக் கேட்டு வாங்கியிருக்கிறோம். வாங்கியதை ஒரு காப்பி அடித்த நோட்டாகச் சுருக்கிவிடுவது எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது.

ஆனால் பள்ளியில் போய்ச் சண்டை போடாதீர்கள். சாரண ஆசிரியர் என்பவர் பெரும்பாலும் கணக்கோ சமூக அறிவியலோ நடத்திவிட்டு, அதற்கு மேல் இதைச் செய்பவர். வெளியே அழைத்துப்போக வேண்டும் என்றால் தலைமையாசிரியர் அனுமதி, பெற்றோர் கையெழுத்து, வண்டி, செலவு என்று அத்தனையும் அவர் தலையில். ஏதாவது ஒன்று நடந்துவிட்டால் பதில் சொல்ல வேண்டியவரும் அவர்தான். நீர்நிலைகளில் மாணவர்கள் மூழ்கிய செய்தி ஒவ்வொரு கோடையிலும் வருகிறது, அதைப் படித்த பிறகு எந்த ஆசிரியருக்குத்தான் துணிச்சல் வரும்? சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போடாத பெற்றோரும் நம்மில்தான் இருக்கிறோம். அவர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. அந்தப் பயத்தைப் பங்கு போட்டுக்கொள்ள ஆள் வேண்டும்.

அதனால் நீங்களும் இன்னும் இரண்டு மூன்று பெற்றோரும் சேர்ந்து அவரைப் பாருங்கள். "சார், ஒரு நாள் நடைப்பயணத்துக்கு நாங்கள் கூட வருகிறோம், முதலுதவிப் பெட்டியும் ஒரு வண்டியும் எங்கள் பொறுப்பு" என்று சொல்லுங்கள். சிறுமலைக்கே போக வேண்டும் என்று இல்லை, அது காடு, வனத்துறையிடம் கேட்காமல் போகக் கூடாது. ஊருக்கு வெளியே தெரிந்தவர் தோட்டம் ஒன்று போதும். கிணற்றுக்கும் குளத்துக்கும் கிட்டே போகக் கூடாது என்பதை மட்டும் கண்டிப்பாக வையுங்கள். அப்புறம் முக்கியமான ஒன்று: கூட வந்த பெரியவர்கள் சமைக்கக் கூடாது. பாத்திரம் கழுவிக்கூடக் கொடுக்கக் கூடாது. அம்மாக்களுக்கு இது கஷ்டம், தெரியும். சாதம் குழைந்தாலும் அவர்கள் சாப்பிடட்டும்.

இதற்கு நடுவில் வீட்டிலேயே அவனைச் சோதித்துப் பார்க்கலாம். உங்கள் தெரு மேல்நிலைத் தொட்டி எவ்வளவு உயரம் என்று கேளுங்கள்.  உயரம் தெரிந்த தம்பியையோ நண்பனையோ தொட்டிக்கு அடியில் நிறுத்திவிட்டு, தள்ளிப் போய், கையை நீட்டி ஒரு குச்சியைப் பிடித்து, நிற்பவனின் உயரத்தைக் குச்சியில் விரலால் குறித்து, தொட்டி உச்சிவரை அது எத்தனை தடவை வருகிறது என்று எண்ணி, நிற்பவனின் உயரத்தால் பெருக்கினால் முடிந்தது. இது அவன் பாடத்திலேயே இருப்பது. உடனே குச்சியைத் தேடி ஓடினான் என்றால் கவலைப்படாதீர்கள், பையன் நன்றாகவே இருக்கிறான். விழித்தான் என்றால் அவனுக்கு இன்னும் சில மாதம் கொடுங்கள்.

அந்தச் சில மாதத்தால் எதுவும் கெட்டுப்போகாது. சாரணனாக 17 வயதுவரை இருக்கலாம், அதற்குப் பிறகும் திரிசாரணனாக (ரோவராக) 25 வரை தொடரலாம். ராஜ்ய புரஸ்காரைப் பதினொன்றாம் வகுப்பில் வாங்கினாலும் ஆளுநர் கையெழுத்து அதே கையெழுத்துத்தான். உங்கள் கணவர் சொல்வதிலும் அர்த்தம் இருக்கிறது. பத்தாம் வகுப்பில் தேர்வு, லாக் புக், ஒத்திகை முகாம் என்று விருதுக்காக ஓடினால் படிப்புக் கெடும். விருது ஓட்டத்தை அந்த ஒரு வருஷம் நிறுத்தி வையுங்கள், வெள்ளிக்கிழமைக் கூட்டத்தையும் மாதம் ஒரு நடையையும் நிறுத்தாதீர்கள். பதினைந்து வயதுப் பையனுக்கு வாரத்தில் ஒரு சாயங்காலம் புத்தகத்தை மூடிவிட்டு வெயிலில் நிற்க நேரம் வேண்டும். இதை அவரிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

மகனிடமும் பேசுங்கள், முடிவு அவனோடு சேர்ந்து எடுக்க வேண்டியது. அவனுடைய நண்பர்கள் எல்லாரும் இந்த வருஷமே போகிறார்கள், தான் மட்டும் பின்தங்கினால் அவமானம் என்று நினைத்தால், வற்புறுத்தித் தடுக்காதீர்கள். போகட்டும், ஆனால் போவதற்கு முன்னால் அந்த நடைப்பயணம் நடந்தாக வேண்டும் என்பதில் மட்டும் உறுதியாக இருங்கள்.

கடைசியாக, நடைக்கு அனுப்பும்போது புது ஷூ வாங்கிக் கொடுத்து அனுப்பாதீர்கள், இரண்டு கிலோமீட்டரில் குதிகால் கொப்பளித்துவிடும். காலுக்குப் பழகின பழைய ஷூ, மாற்றுக்கு ஒரு ஜோடி காட்டன் சாக்ஸ், இரண்டு லிட்டர் தண்ணீர், ஒரு தொப்பி. மொபைல் வேண்டாம், ஆசிரியரிடம் ஒன்று இருந்தால் போதும். நடந்துவிட்டு வந்ததும் வரைபடத்தை அவன் கையாலேயே போடச் சொல்லி, முடிந்தால் ஒரு போட்டோ எனக்கு அனுப்புங்கள்.