குறைமாதக் குழந்தைக்கு உல்லன் வாங்கும் முன்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: என் மகளுக்கு 30 வாரத்தில் பிறந்த பெண் குழந்தை, 1,200 கிராம் எடையுடன் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கிறாள். ஸ்வெட்டர் பின்னிக் கொடுக்க எந்த நூலை வாங்கலாம்? (அஸ்தம்பட்டி வாசகி)

பதில்: பேத்தி நல்லபடியாக வீடு வந்து சேரட்டும், அம்மா. கடைக்குப் போவதற்கு முன், அந்தப் பிரிவின் செவிலியரிடம் இரண்டு விஷயங்களைக் கேளுங்கள்: வீட்டில் பின்னிய உடையை ஏற்றுக்கொள்வார்களா, ஏற்றால் எவ்வளவு சூடான நீரில் துவைப்பார்கள்? இன்குபேட்டரில் இருக்கும் குழந்தையின் மார்பு ஏறி இறங்குவதையும் தோலின் நிறத்தையும் கண்ணால் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டியிருப்பதால், அந்த நாட்களில் ஸ்வெட்டர் பெரும்பாலும் பயன்படாது. உடற்சூட்டைக் காக்கும் கொழுப்பு சேர்வதற்கு முன்பே பிறந்துவிட்ட குழந்தைக்கு, உடலோடு ஒப்பிடத் தலையும் பெரிது என்பதால், மூடாத தலை வழியே சூடு விரைவில் இறங்கிவிடும். ஆகவே குல்லாவில் தொடங்குங்கள். முழுமாதக் குழந்தையின் தலைச்சுற்றளவு 34, 35 செ.மீ. இருக்கும், 28 வாரத்தில் பிறந்தால் ஏறத்தாழ 26 செ.மீ., அதாவது பெரிய சாத்துக்குடி ஒன்றின் சுற்றளவுதான். உங்கள் பேத்தியின் அளவைச் செவிலியரிடமே கேட்டு வாங்குங்கள்.

மருத்துவமனையில் வெந்நீரில் துவைப்பார்கள் என்றால் பருத்தி நூலோ மென்மையான அக்ரிலிக்கோ வாங்குங்கள். சாதாரண ஆட்டுக் கம்பளி சூட்டிலும் கசக்கலிலும் சுருங்கிக் கட்டியாகிவிடும். விரல் மாட்டக்கூடிய ஓட்டை டிசைன் வேண்டாம். தையல் விளிம்பு வெளிப்புறம் இருக்கட்டும். ஸ்வெட்டர் பின்னும் நாள் வரும்போது, ஒயர்களையும் குழாய்களையும் கழற்றாமலே அணிவிக்கும்படி முன்புறம் முழுவதும் திறக்குமாறு பின்னுங்கள்.

கேள்வி: மேலே சுற்றிய காகிதப் பட்டியில் ‘பேபி உல்லன்’ என்று அச்சிட்ட பத்து நூல் உருண்டைகளை வாங்கினேன். சுத்தக் கம்பளி என்றார் கடைக்காரர். பின்னிய குல்லாவை இஸ்திரி போட்டதும் ஒட்டிக்கொண்டு பளபளவென்று ஆகிவிட்டது. கேட்டால், உல்லன் என்றால் இப்படித்தான் இருக்கும் என்கிறார். (சூரமங்கலம் வாசகி)

பதில்: உங்களிடம் விற்கப்பட்டது அக்ரிலிக், அதாவது பிளாஸ்டிக் வகை இழை. அது மட்டமான பொருள் அன்று. மென்மையானது, துவைக்க எளிது, விலையும் குறைவு. அதைக் கம்பளி என்று சொல்லி விற்றதுதான் குற்றம். நம் ஊரில் ‘உல்லன்’ என்ற சொல் பின்னுகிற நூல் அனைத்துக்கும் பொதுப்பெயராகிவிட்டது; அந்தக் குழப்பத்தை நன்கு அறிந்தே சிலர் அதைப் பயன்படுத்திக்கொள்கிறார்கள். ‘பேபி’ என்ற சொல் நூல் மெல்லியதாகவும் மென்மையாகவும் இருப்பதைக் குறிக்கலாமே தவிர, அது எந்த இழை என்பதைச் சொல்வதில்லை. பட்டியில் இழையின் பெயரும் விகிதமும், கிராமில் நிகர எடையும், தயாரிப்பாளர் முகவரியும் இருக்கின்றனவா என்று பாருங்கள். உருண்டைக்கு இவ்வளவு என்று விலை சொன்னால், எத்தனை கிராம் என்று கேளுங்கள்; உருண்டை எந்த அளவிலும் சுற்றப்படலாம்.

சில ஆண்டுகளுக்கு முன் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கடையில் நானும் இதற்கு நேர்மாறாக ஏமாந்தேன். எவ்வளவு சூட்டில் துவைத்தாலும் சுருங்காது என்ற வாய்மொழியை நம்பி, பட்டியில்லாத 200 கிராம் நூலை வாங்கி, மருத்துவமனைக்கென்று 14 குல்லாக்கள் பின்னினேன். அது கம்பளி கலந்த நூல். முதல் வெந்நீர்த் துவைப்பில் பதினான்கும் விறைத்துச் சுருங்கி, எந்தக் குழந்தையின் தலைக்கும் ஆகாமல் திரும்பி வந்தன. பணத்தைவிட அந்தக் குல்லாக்களுக்காகக் காத்திருந்த தாய்மாரை நினைத்து இன்றும் வருந்துகிறேன். அன்றிலிருந்து, பின்னத் தொடங்கும் முன் விரல் நீளத் துண்டு ஒன்றை இடுக்கியில் பிடித்து, தட்டின் மேல் வைத்துக் கொளுத்திப் பார்க்கிறேன். கம்பளி முடி கருகும் நாற்றத்துடன் எரிந்து, தானே அணைந்து, தொட்டால் பொடியாகும். அக்ரிலிக் உருகிக் கரும்புகை விட்டு, ஆறியதும் கெட்டியான மணியாகும். பருத்தி காகிதம் போல் எரியும்.

2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பொருளின் தன்மையைப் பற்றிப் பொய் சொல்லி விற்பது முறையற்ற வணிகம். பில்லுடன் போய் எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள்.

கேள்வி: ஏற்காட்டில் ஒரு கடையில் ‘சேர்வராயன் மலை ஆட்டுக் கம்பளி’ என்று இரு மடங்கு விலை சொல்கிறார்கள். வாங்கலாமா? (தாரமங்கலம் வாசகர்)

பதில்: வேண்டாம். சேர்வராயன் மலை காப்பிக்கும் மிளகுக்கும் ஆரஞ்சுக்கும் பேர்போனது. நம் சேலம் மாவட்டத்தின் பெயர் பெற்ற மேச்சேரி ஆட்டின் உடலில் இருப்பதோ குட்டை முடிதான். அது இறைச்சிக்கும் தோலுக்கும் வளர்க்கப்படும் ஆடு, கம்பளி தராது.

கேள்வி: நூல் போதாமல் அதே நிறத்தை மறுபடி வாங்கினேன். இரண்டும் சேரவில்லை. கடைக்காரர் மாற்றித் தர மறுக்கிறார். பட்டியையும் பில்லையும் எறிந்துவிட்டேன். (ஆத்தூர் வாசகி)

பதில்: எறிந்துவிட்டு என்ன கேட்பீர்கள்? ஒவ்வொரு சாயத் தொகுதிக்கும், அதாவது ஒரே தடவையில் சாயமேற்றிய நூலுக்கு, ஓர் எண் உண்டு என்றும், மொத்த நூலையும் ஒரே எண்ணில் வாங்க வேண்டும் என்றும் இந்தப் பகுதியில் பலமுறை எழுதியிருக்கிறேன். கடைக்காரர் மீது தவறில்லை. கோடு கோடாகப் பின்னி முடியுங்கள். குழந்தைக்கு நிறம் பொருட்டில்லை.

கேள்வி: இணையத்தில் குறைமாதக் குழந்தைக்கென்று வாங்கிய குல்லாவில் ரிப்பனும் நூல்பந்தும் பொத்தானும் இருக்கின்றன. (ஏற்காடு வாசகி)

பதில்: அணிவிக்காதீர்கள். இன்றே திருப்பி அனுப்புங்கள்.

கேள்வி: மருத்துவமனை அருகே ஒருவர், குறைமாதக் குழந்தைக்கு இது கட்டாயம் என்று சொல்லி உல்லன் செட் ஒன்றை ரூ.2,800-க்கு விற்றார். உள்ளே செவிலியர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பில் தரவில்லை, பணம் கைப்பேசி வழியாகச் செலுத்தினேன். என் மடத்தனமா? (ஓமலூர் வாசகர்)

பதில்: இல்லை, தம்பி. குழந்தை உயிருக்குப் போராடும் நேரத்தில் எந்தத் தகப்பனும் விலை பேச மாட்டான் என்பதைத் தெரிந்துகொண்டே அவர் அங்கே நின்று விற்றிருக்கிறார். பில் தர மறுப்பதும் மேலே சொன்ன நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம்தான். கைப்பேசியில் உள்ள பணப் பரிமாற்றப் பதிவு உங்கள் சாட்சி, அதை அழிக்காதீர்கள். செட்டைத் துவைக்காமல், உறையுடன் படமெடுத்து வையுங்கள். 1915 உதவி எண்ணில் தீராவிட்டால் சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் மனு கொடுக்கலாம், ரூ.5 லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயம் இல்லை.

எடை குறைந்த குழந்தைக்கு மருத்துவர்கள் பரிந்துரைக்கும் கதகதப்பு கடையில் கிடைப்பதன்று. 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் எட்கார் ரே என்ற மருத்துவர், இன்குபேட்டர்கள் போதாத நிலையில், குழந்தையைத் தாயின் மார்பில் தோலோடு தோலாக வைக்கும் முறையைத் தொடங்கினார். அதுவே கங்காரு பராமரிப்பு. உலக சுகாதார நிறுவனமும் இதைப் பரிந்துரைக்கிறது. குழந்தைக்குக் குல்லா, காலுறை, நாப்கின், மேலே போர்த்த ஒரு துணி, இவ்வளவு போதும். தாய் ஓய்வெடுக்கும் நேரத்தில் தந்தையின் மார்பிலும் வைக்கலாம். நாளை போகும்போது முன்புறம் பொத்தான் வைத்த சுத்தமான சட்டை அணிந்து போய், உங்களுக்கு எந்த நேரம் தருவார்கள் என்று செவிலியரிடம் கேளுங்கள்.