இலவச மென்பொருளுக்கு லைசென்ஸ் கட்டணமா?

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் ரத்தப் பரிசோதனை நிலையம் நடத்துகிறேன். பத்துக் கணினிகள் உள்ளன. வெளியாள் எவரும் நெட்வொர்க்கில் நுழையாதபடி ‘சுரிகாட்டா’ போட்டுத் தருவதாகப் புதுச்சேரியைச் சேர்ந்த ஒருவர் சொல்கிறார். ஆண்டுதோறும் லைசென்ஸ் கட்டணம் கேட்கிறார். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். சுரிகாட்டா என்பது நெட்வொர்க்கில் வருவதையும் போவதையும் கவனித்து, சந்தேகமானதைக் கண்டால் எச்சரிக்கும், சொன்னால் தடுக்கும் காவலாளி. அது திறந்தமூல மென்பொருள், அதாவது யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி நிரலையே வெளியிட்டிருக்கிறார்கள். 2010-இல் முதல் பதிப்பு வந்ததிலிருந்து உங்களைப் போன்றவர்கள் அதை இலவசமாகவே பயன்படுத்தலாம். அதை ஓட்டும் கருவியின் விலை, நிறுவும் கூலி, மாதாமாதம் வந்து பார்க்கும் கட்டணம் ஆகியவை நியாயமானவை. அவற்றைத் தனித்தனியாக எழுதி பில் கேளுங்கள். அந்தக் கருவியின் கடவுச்சொல்லையும் நிறுவிய அன்றே வாங்கிவிடுங்கள். அதைத் தம்மிடமே வைத்துக்கொண்டு, மறு ஆண்டு பணம் தராத வாடிக்கையாளரை மிரட்டியவரை நான் நேரில் கண்டிருக்கிறேன்.

ஒன்றை மட்டும் பிரித்துப் பாருங்கள். மென்பொருள் வேறு, விதிகள் வேறு. விதிகள் என்பவை திருடர்களின் அங்க அடையாளப் பட்டியல். அது கையில் இல்லாத காவலாளிக்கு யாரையும் அடையாளம் தெரியாது. பழைய பட்டியலை வைத்திருப்பவருக்குப் புதுத் திருடனைத் தெரியாது. இந்தப் பட்டியலில்தான் கட்டணம் உண்டு. சுரிகாட்டாவுக்கான ‘எமர்ஜிங் த்ரெட்ஸ்’ என்ற விதிப் பட்டியல் இலவசமாகவும் கிடைக்கிறது, கட்டணத்துக்கும் கிடைக்கிறது. இதே வேலையைச் செய்யும் ‘ஸ்நார்ட்’ என்ற இன்னொரு மென்பொருளில், பணம் கட்டியவருக்கு உடனே வரும் விதி, இலவசமாகப் பதிவு செய்தவருக்கு 30 நாள் கழித்து வரும். ஆகவே அவர் கேட்பது விதிகளுக்கான சந்தா என்றால், அது உங்கள் நிலையத்தின் பெயரில் இருக்கட்டும். அதற்கான ரசீதைக் காட்ட முடியாதவருக்கு ஒரு ரூபாயும் தராதீர்கள். பத்துக் கணினிகளுக்கு இலவசப் பட்டியலே போதும்.

முதல் சில வாரங்கள் எச்சரிக்கை மட்டும் தரும்படி வைக்கச் சொல்லுங்கள். எடுத்த எடுப்பிலேயே தடுக்கச் சொன்னால், மருத்துவருக்குப் போகவேண்டிய அறிக்கையையே அது நிறுத்திவிடக்கூடும்.

கணினித் தாக்குதல் நடந்தால் ஆறு மணி நேரத்துக்குள் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும், கணினிகளில் நடந்தவற்றின் பதிவுகளை (லாக்) 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்று அந்த அமைப்பினர் 2022-இல் ஆணை பிறப்பித்தார்கள். மஞ்சக்குப்பத்துப் பரிசோதனை நிலையத்துக்கு அதைத் தமிழில் வந்து சொன்னவர் யார்? ஆணை போட்டதோடு கடமை முடிந்தது என்று இருக்கிறார்கள்.

பரிசோதனை இயந்திரத்தைப் பழுதுபார்ப்பவர் தொலைவிலிருந்து நுழைவதற்காக ரவுட்டரில் 3389 என்ற போர்ட்டை, அதாவது விண்டோஸ் கணினியைத் தொலைவிலிருந்து இயக்கும் வாசலை, திறந்து வைத்திருக்கிறீர்களா? அதை இன்றே மூடுங்கள். சுரிகாட்டா அடுத்த வாரம் வரட்டும்.