ஒரு சபை நம்மைக் கட்டுப்படுத்த ஆரம்பித்துவிட்டது என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது?

கேட்டவரின் பெரியம்மா ஒரு தனிச் சபையில் சேர்ந்தபின் பாஸ்டரைக் கேட்காமல் எதுவுமே செய்வதில்லையாம். நான் தூத்துக்குடி மாவட்டம் நாசரேத் பக்கத்து சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பம், இன்றும் ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவன். விசுவாசத்தைக் கேலி செய்கிற பதிலாக இதை வாசிக்க வேண்டாம்.

முதலில், உபதேசத்தை வைத்து எடைபோடாதீர்கள். முழுக்கு ஞானஸ்நானமா தெளிப்பா, நகை போடலாமா கூடாதா என்று எங்கள் ஊர்களில் தலைமுறை தலைமுறையாகச் சண்டை ஓடுகிறது. அதனால் ஒருவரும் கெட்டுப்போகவில்லை. காணிக்கைக் கணக்கு கேட்டால் என்ன நடக்கிறது என்று பாருங்கள்.

எங்கள் சொந்தத்தில் ஓர் அத்தான், தான் போகிற சபையில் கேட்டார். கட்டடக் காணிக்கை வருஷக்கணக்கில் வாங்குகிறீர்களே, ரசீது எங்கே என்று. அடுத்த ஞாயிறு பிரசங்கம் கோராகைப் பற்றி. மோசேயை எதிர்த்தவனைப் பூமி வாய் திறந்து விழுங்கிய கதை. பாஸ்டர் பெயர் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. ஆராதனை முடிந்து வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த அத்தானுக்கு ஒருத்தர்கூட ஸ்தோத்திரம் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்ததும் அக்காவே, "உங்களுக்கு எதுக்கு இந்த வேலை?" என்றாள். மிரட்டல் இப்படித்தான் வரும், வசனத்தோடு.

இப்படிப்பட்ட பாஸ்டர்கள் தங்களைக் காத்துக்கொள்ள அடிக்கடி எடுக்கிற வசனம் 105ஆம் சங்கீதத்தில் உள்ளது: அபிஷேகம் பண்ணப்பட்டவர்களைத் தொடாதே. அந்தப் பகுதியை முழுதாக வாசித்தால், நாடு நாடாக அலைந்த முற்பிதாக்களுக்குத் தீங்கு செய்யாதபடி ராஜாக்களைக் கடவுள் கண்டித்தது தெரியும். காணிக்கைப் பெட்டிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அபிஷேகம் பெற்ற தாவீது ராஜாவையே, அவர் செய்த பாவத்துக்காக நாத்தான் தீர்க்கதரிசி நேருக்கு நேர் "நீயே அந்த மனுஷன்" என்று சொன்னாரே!

அடுத்தது மருந்து. "மாத்திரை மேல விசுவாசமா, இயேசு மேல விசுவாசமா?" என்று ஒரு சபையில் கேட்டால் அன்றைக்கே வெளியே வந்துவிடலாம். முதல் வகைச் சர்க்கரை நோய் உள்ள பிள்ளைக்கு இன்சுலினை நிறுத்தினால் சில நாட்களிலேயே உயிருக்கு ஆபத்து. வலிப்பு மாத்திரையும் அப்படித் திடீரென நிறுத்தக்கூடியதில்லை. எசேக்கியா ராஜாவின் புண்ணுக்கு அத்திப்பழ அடையை வைத்துக் கட்டச் சொன்னவர் ஏசாயா தீர்க்கதரிசிதான். கென்யாவின் ஷகாஹோலா காட்டில் 2023இல் தோண்டத் தோண்ட நானூறுக்கு மேல் உடல்கள் கிடைத்தன. பட்டினி கிடந்தால் இயேசுவைப் பார்க்கலாம் என்ற போதகரை நம்பிப் போனவர்கள். எடுத்தவுடனே யாரும் சாகச் சொல்வதில்லை. டிவி, சொந்தக்காரர் கல்யாணம், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி என்று ஒவ்வொன்றாக விடச் சொல்வார்கள். கடைசியில் யோசனை கேட்க வேறு ஆளே இருக்காது.

கேள்வி கேட்பது திருநெல்வேலிச் சீமைக்குப் புதிதும் அல்ல. பாளையங்கோட்டை மிஷனரி ரேனியஸ் ஐயர் தன்னை அனுப்பிய சி.எம்.எஸ். என்ற இங்கிலாந்து மிஷனரிச் சங்கத்தோடேயே கருத்து வேறுபட்டு 1835இல் விலக்கப்பட்டார். நாசரேத் மிஷனரியோடு மோதிய அருமைநாயகம் என்ற சட்டாம்பிள்ளை, 1857இல் பக்கத்துப் பிரகாசபுரத்தில் தனிச் சபையே தொடங்கினார். கேள்வி கேட்டதால் இங்கே கிறிஸ்தவம் அழிந்தா போயிற்று?

எங்கள் டயோசிஸ் (பிஷப்பின் கீழ் வருகிற திருமண்டலம்) தேர்தல் லட்சணம் ஊருக்கே தெரியும், பெருமை பேச ஒன்றுமில்லை. ஆனாலும் எங்கள் போதகரான ஐயரவாளுக்கு மாறுதல் வரும், சேகரக் கமிட்டி என்கிற சபை நிர்வாகக் குழுவில் எவராவது எழுந்து கணக்கில் சண்டை போடுவார். பாஸ்டர், பாஸ்டரம்மா, மகன் மூவரே டிரஸ்டிகளாக இருக்கிற இடத்தில் யார் எழுந்து நிற்பது?

பெரியம்மாவிடம் வசனச் சண்டைக்குப் போகாதீர்கள். அவருக்கு அது மனப்பாடம், நீங்கள் தோற்பீர்கள். "உன் வீட்டார் உன்னைத் துன்பப்படுத்துவார்கள்" என்று அங்கே ஏற்கனவே சொல்லி வைத்திருப்பார்கள், நீங்களே அதை நிறைவேற்றிக் கொடுக்க வேண்டாம். கோயில் விருந்தான அசனத்துக்குக் கூப்பிடுங்கள், பேரப்பிள்ளைகளை அனுப்புங்கள், டாக்டரிடம் போகும்போது கூடவே போங்கள். அவர் பெயரில் வீடோ விளையோ இருந்தால் வில்லங்கச் சான்று ஒன்று போட்டுப் பார்த்துவிடுங்கள். தானப் பத்திரம் ஒருமுறை பதிவாகிவிட்டால் அவராக நினைத்தாலும் லேசில் ரத்து செய்ய முடியாது, கோர்ட் படியேற வேண்டியிருக்கும். பத்திரம் சபை டிரஸ்ட் பெயரிலா, பாஸ்டரின் சொந்தப் பெயரிலா என்பதையும் பாருங்கள்.