ஊர் சுருங்குது, மைதானம் சுருங்கவில்லை: ஹன்டிங்டன் பற்றிக் கேள்வி பதில்

அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில், ஒஹையோ ஆற்றங்கரையில் இருக்கிற ஊர் ஹன்டிங்டன். 1950-ல் அங்கே 86,353 பேர் இருந்தார்கள். 2020 கணக்கெடுப்பில் 46,842 பேர். அந்த ஊர் மார்ஷல் பல்கலைக்கழகத்தின் கால்பந்து மைதானத்தில் முப்பதாயிரத்துச் சொச்சம் இருக்கைகள். ஊரில் மூன்றில் இரண்டு பங்கு பேர் கிளம்பி வந்தால்தான் நிரம்பும். (கால்பந்து என்றால் நம்ம ஊர் ஃபுட்பால் இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுகிற அமெரிக்க ஆட்டம்.) அங்கே படித்து, வேலை பார்த்து, பல வருஷம் சீசன் டிக்கெட் வாங்கியவள் என்ற தகுதியில் பதில் சொல்கிறேன்.

வேலூரிலிருந்து ஒருவர்: அக்கா, ஊரே காலியாகும்போது ஆட்டம் பார்க்க யார் மிச்சம் இருப்பார்கள்?

முதலில், ஊர் ஏன் காலியானது என்று பார்ப்போம். 1871-ல் ரயில் கம்பெனிக்காகவே உருவான ஊர் அது. மலையிலிருந்து நிலக்கரி ரயிலில் வரும், இங்கே படகில் ஏறி ஆற்றோடு போகும். கண்ணாடித் தொழிற்சாலை, நிக்கல் உலோக ஆலை எல்லாம் இருந்தன. சுரங்கத்தில் ஆள் செய்த வேலையை இயந்திரம் செய்யத் தொடங்கியதும் மாநிலம் முழுக்க அடி விழுந்தது. மெக்டவல் என்ற சுரங்க மாவட்டத்தில் 1950-ல் ஒரு லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவாக மக்கள் இருந்தார்கள். 2020-ல் 19,111 பேர்.

ஆனால் போனவர்கள் செத்துப் போகவில்லையே. கொலம்பஸ், சார்லட் மாதிரி வெளிமாநில நகரங்களில் வேலை பார்க்கிறார்கள். என் பக்கத்து இருக்கையில் ரயில்வேயில் ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் உட்காருவார். மகன் கொலம்பஸில். காரில் இரண்டரை மணி நேரம். அந்தப் பையன் ஊருக்கு வருவது வருஷத்துக்கு மூன்று தடவை: கிறிஸ்துமஸ், அம்மா பிறந்தநாள், அப்புறம் ஒரு ஆட்டம். பெரியவர் இரண்டு டிக்கெட் வாங்குவார். மகன் வராத நாளில் அந்தக் காலி இருக்கையில் தன் கோட்டை மடித்து வைப்பார், யாரையும் உட்கார விடமாட்டார். டிக்கெட் விற்கிறவர்கள் தேட வேண்டியது அந்த மகனை. ஊர் ஜனத்தொகையை வைத்துக் கணக்குப் போட்டால் அழுகைதான் வரும்.

மதுரையிலிருந்து: தொடர்ந்து ஜெயித்தால் கூட்டம் தானாக வந்துவிடாதா?

வரும். ஆனால் தங்காது.

மார்ஷல் 1992-லும் 1996-லும் கல்லூரிக் கால்பந்தின் இரண்டாம் படிநிலையில் தேசியச் சாம்பியன். பின்னாளில் தொழில்முறை ஆட்டத்தில் பெயர் வாங்கிய ராண்டி மாஸ், சாட் பென்னிங்டன் போன்றவர்கள் ஆடிய காலம். 1999-ல் 13 ஆட்டம், 13 வெற்றி. இவ்வளவும் நடந்த அதே வருஷங்களில் ஊர் சுருங்கிக்கொண்டுதான் இருந்தது. வெற்றியால் ஒரு குடும்பமும் திரும்பி வரவில்லை.

2022 செப்டம்பரில் நோட்டர் டேம் என்ற பெரிய பல்கலை அணியை அவர்கள் மைதானத்திலேயே 26-21 என்று சாய்த்தார்கள். நாடே பேசியது. அடுத்த வாரம் பௌலிங் கிரீன் என்ற பெயர் பெறாத பல்கலை அணியிடம் கூடுதல் நேரத்தில் தோற்றார்கள்! வெற்றியை நம்பி வந்தவர் அன்றைக்கே டிவியை அணைத்திருப்பார்.

சிங்கப்பூரிலிருந்து: 1970 விமான விபத்தால்தான் இந்த அணிக்கு இவ்வளவு பெயர் என்கிறார்களே, அது அனுதாபம்தானே?

விவரம் தெரியாதவர்களுக்கு: 1970 நவம்பர் 14. கிழக்கு கரோலினா பல்கலையிடம் 17-14 என்று தோற்றுவிட்டு மார்ஷல் அணி திரும்பிய விமானம், ஹன்டிங்டன் ஓடுபாதைக்குச் சற்று முன்னால் குன்றில் மோதியது. 75 பேரும் போய்விட்டார்கள். அதில் 37 பேர் ஆட்டக்காரர்கள். பயிற்சியாளர்கள், அணிக்குப் பணம் கொடுத்த ஊர்ப் பெரிய மனிதர்கள், மருத்துவர்கள் எல்லோரும் அதே விமானம். அடையாளம் தெரியாத ஆறு பேரை ஸ்பிரிங் ஹில் கல்லறையில் பக்கத்தில் பக்கத்தில் புதைத்தார்கள்.

வளாகத்தில் அவர்கள் நினைவாக ஒரு நீரூற்று இருக்கிறது. ஒவ்வொரு நவம்பர் 14-ம் தேதியும் கூட்டம் கூடி, பெயர்களை வாசித்து, தண்ணீரை நிறுத்துவார்கள். வசந்தம் வரும்வரை அது ஓடாது. முதல் வருஷம் என்ன ஏது என்று தெரியாமல் கூட்டத்தைப் பார்த்துப் போய் நின்றேன். தண்ணீர் விழுகிற சத்தத்துக்கு மேல்தான் அதுவரை எல்லோரும் பேசிக்கொண்டிருந்தோம் என்பதே, அந்தச் சத்தம் நின்றபோதுதான் புரிந்தது. எனக்கு முன்னால் நின்ற அம்மாவின் கோட்டுப் பொத்தானில் ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம் குத்தியிருந்தது. யார் என்று கேட்கத் தைரியம் வரவில்லை.

ஆனால் உங்கள் கேள்விக்குப் பதில்: அனுதாபம் டிக்கெட் விற்காது. 1971-ல் முதலாண்டு மாணவர்களையும் வைத்து அணி கட்டி, ஸேவியர் பல்கலையைக் கடைசி நொடியில் 15-13 என்று வென்றார்கள். எல்லோருக்கும் அந்தக் கதைதான் தெரியும். அதற்கப்புறம் தோல்விகளைவிட வெற்றிகள் கூடுதலாக வந்த முதல் சீசன் எது தெரியுமா? 1984! பதின்மூன்று வருஷம் துக்கமும் தோல்வியும் சேர்ந்தே போயின. அந்தக் காலத்திலும் வந்து உட்கார்ந்தவர்களின் பிள்ளைகள்தான் 1991-ல் திறந்த புதிய மைதானத்தின் அஸ்திவாரம். கான்கிரீட் எல்லாம் அப்புறம்.

நாகர்கோவிலிலிருந்து: மைதானத்தில் பீர் விற்றால் கூட்டம் கூடுமா, அக்கா?

மாநிலத்தின் பெரிய அணியான வெஸ்ட் வர்ஜீனியா பல்கலை 2011-ல் விற்கத் தொடங்கியது. இடைவேளையில் வெளியே போய்க் குடித்துவிட்டுத் திரும்புகிற வழக்கத்தையும் அப்போதே நிறுத்தியது. ரகளை குறைந்தது, பணமும் வந்தது. புதுக் கூட்டம் வந்ததா என்றால், குடிக்கிறவர் எப்படியும் வந்துகொண்டுதான் இருந்தார்.

யாழ்ப்பாணத்திலிருந்து: ஆட்டக்காரரே வருஷா வருஷம் வேறு கல்லூரிக்குத் தாவும் காலத்தில் ரசிகர் யாரை நம்புவது?

சரியான இடத்தில் கை வைத்தீர்கள். 2024 டிசம்பரில் மார்ஷல் லூசியானா பல்கலையை 31-3 என்று நொறுக்கித் தன் குழுவின் (தங்களுக்குள் ஆடிக்கொள்ளும் கல்லூரிகளின் கூட்டமைப்பு) சாம்பியன் ஆனது. அடுத்த நாளே தலைமைப் பயிற்சியாளர் வேறு பல்கலைக்குப் போவது உறுதியானது. ஆட்டக்காரர்கள் கும்பலாக மாறுதல் பட்டியலில் பெயர் கொடுத்தார்கள். ஆள் போதவில்லை என்று, தகுதி பெற்ற இண்டிபென்டன்ஸ் பௌல் என்ற சீசன் முடிவுச் சிறப்பு ஆட்டத்திலிருந்தே அணி விலகிக்கொண்டது. கோப்பை வாங்கிய ஒரு வாரத்தில் ஆட ஆளில்லை. இதைவிடக் கேவலமாக ஒரு ரசிகரை நடத்த முடியாது என்று அன்றைக்குத் திட்டினேன், இன்றைக்கும் திட்டுகிறேன். விதி அனுமதிக்கிறது, பையன்களுக்குக் காசு கிடைக்கிறது, அவர்களைக் குற்றம் சொல்லவில்லை.

அடுத்து வந்த பயிற்சியாளர் டோனி கிப்சன் இதே மாநிலத்து நிலக்கரிப் பகுதிக்காரர். அது நல்ல முடிவு. பக்கத்து மாவட்டப் பள்ளிகளிலிருந்து அணிக்குப் பத்துப் பையன்கள் வந்தாலே ஒவ்வொருவர் பின்னாலும் ஒரு மாமா, ஒரு சித்தி, ஒரு தேவாலயக் கூட்டம் வரும்.

கோவையிலிருந்து: நிர்வாகத்தை உங்கள் கையில் கொடுத்தால் என்ன செய்வீர்கள்?

ஆட்டத்தைச் சனிக்கிழமை மதியத்துக்குக் கொண்டுவருவேன். தொலைக்காட்சிப் பணத்துக்காக வாரநாள் இரவில் ஆடினால் கொலம்பஸ் பையன் எப்படி வருவான்? பள்ளிக்கூடப் பிள்ளையை யார் கூட்டி வருவார்?

எதிரணி பக்கத்து ஊராக இருக்க வேண்டும். 2005-லிருந்து 2021 வரை மார்ஷல் இருந்த குழுவில் டெக்ஸஸ், ஃபுளோரிடா அணிகள். அவர்கள் ரசிகர் நூறு பேர்கூட வரமாட்டார்கள், நமக்கும் அவர்கள்மேல் கோபம் கிடையாது. கோபம் இல்லாமல் என்ன ஆட்டம்? 2022-ல் சன் பெல்ட் குழுவுக்கு மாறியதும் அப்பலாச்சியன் ஸ்டேட் போன்ற பழைய பங்காளிகள் திரும்பக் கிடைத்தார்கள். ஒரே மாநிலத்து வெஸ்ட் வர்ஜீனியாவோடு 2006 முதல் 2012 வரை ஏழு ஆட்டம், ஏழும் தோல்வி. இருந்தும் இன்னொரு ஆட்டம் எப்போது என்றுதான் ஊரில் கேட்பார்கள். 2010-ல் கூடுதல் நேரம் வரை போய் 24-21 என்று கைநழுவியது பற்றிப் பெரியவரிடம் கேட்டுவிடாதீர்கள். வண்டி நிறுத்துமிடம்வரை பேசிக்கொண்டே வருவார்.

திருச்சியிலிருந்து: மகள் அங்கே படிக்கப் போகிறாள். முதல் ஆட்டத்துக்கு என்ன சொல்லி அனுப்ப?

பச்சைச் சட்டை. இரண்டு மணி நேரம் முன்னால் போகச் சொல்லுங்கள். கார் டிக்கியைத் திறந்துவைத்து அடுப்பு மூட்டியிருப்பவர்கள் கூப்பிட்டுச் சாப்பாடு கொடுப்பார்கள், கூச்சப்பட வேண்டாம். ஹாட் டாக் மேல் இறைச்சிச் சாஸும் துருவிய முட்டைக்கோஸும் போடுவார்கள். சைவம் என்றால் முட்டைக்கோஸ் மட்டும் கேட்கலாம், சிரிப்பார்கள், கொடுப்பார்கள். ஒரு பக்கம் "வீ ஆர்" என்று கத்தினால் மறுபக்கம் "மார்ஷல்" என்று கத்த வேண்டும். காலி இருக்கையில் கோட்டு மடித்து வைத்திருந்தால் அங்கே மட்டும் உட்கார வேண்டாம்.