பிரெய்ல் நோட்டேக்கரா, லேப்டாப்பா?

கேள்வி: என் மகளுக்குப் பார்வை இல்லை. பிரெய்ல் வேகமாகப் படிப்பாள். இந்த வருடம் பாலக்காட்டில் பி.ஏ. சேர்கிறாள், தினமும் பஸ்ஸில் போய்வர வேண்டும். பாடக்குறிப்புகள் தமிழிலும் மலையாளத்திலும் வரும். பிரெய்ல் நோட்டேக்கர் வாங்கலாமா, லேப்டாப் போதுமா?
– வாசகர், கொழிஞ்சாம்பாறை

பதில்: முதலில் லேப்டாப் வாங்குங்கள். பிரெய்லில் குறிப்பெடுப்பதற்கென்றே உள்ள தனிக் கருவியான நோட்டேக்கர் நல்லதுதான். மடியில் வைத்து ஆறு சாவிகளில் பஸ்ஸிலேயே எழுதலாம். ஆனால் விலை லட்சங்களில். பழுதானால் உள்ளூர்க் கடையில் பார்க்க மாட்டார்கள். அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் நாளெல்லாம் பிள்ளை வெறுங்கையோடு வகுப்புக்குப் போக வேண்டும். அந்தப் பணத்தில் லேப்டாப்பும் 20 செல் பிரெய்ல் டிஸ்ப்ளேயும் வாங்கி மிச்சமும் பிடிக்கலாம். டிஸ்ப்ளே என்பது திரையில் உள்ளதை எழும்பும் புள்ளிகளாக விரலுக்குக் காட்டும் பட்டை. புள்ளிகள் எழும்பும் ஒவ்வொரு குறிக்கான இடமும் ஒரு செல்.

லேப்டாப் 14 அங்குலம், 8 ஜிபி ரேம் போதும். ஹார்டு டிஸ்குக்குப் பதில் வேகமான எஸ்எஸ்டி கட்டாயம். ஹார்டு டிஸ்க் இழுக்கும்போது, திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் ஸ்க்ரீன் ரீடர் வாயடைத்துப் போகும். நாம் திரையில் சுற்றும் வட்டத்தைப் பார்த்துப் பொறுத்திருப்போம். அவளுக்கோ மெஷின் ஓடுகிறதா, நின்றுவிட்டதா என்றே தெரியாது.

என்விடிஏ என்ற ஸ்க்ரீன் ரீடர் இலவசம். சின்ன லேப்டாப்பில் நம்பர் பேட் இருக்காது. அதனால் கேப்ஸ் லாக்கை என்விடிஏ சாவியாக்கி (கட்டளை கொடுக்க மற்ற சாவிகளோடு சேர்த்து அழுத்துவது), கீபோர்டு அமைப்பை 'லேப்டாப்' என்று மாற்றுங்கள். விண்டோஸில் தமிழைப் பேச்சு வசதியோடு சேர்த்தால் 'வள்ளுவர்' குரல் கிடைக்கும். இயர்போன் வயர் உள்ளதாக இருக்கட்டும். ப்ளூடூத்தில் முதல் அசை அடிக்கடி விழுங்கப்படும்.

வகுப்பில்தான் சிக்கல். ஒரு காதில் ஆசிரியர், இன்னொரு காதில் மெஷின் என்றால் இரண்டும் மனதில் நிற்காது. பிரெய்ல் டிஸ்ப்ளே வேண்டும் என்பது இதற்காகத்தான்: காதைப் பாடத்துக்கு விட்டுவிட்டு, எழுதியதை விரலால் சரிபார்க்கலாம். யூஎஸ்பியில் செருகி, என்விடிஏ சாவி, கன்ட்ரோல், ஏ மூன்றையும் அழுத்தினால் டிஸ்ப்ளேயைத் தேர்ந்தெடுக்கும் பெட்டி திறக்கும். பிறகு பிரெய்ல் அமைப்புகளில் தமிழ் அட்டவணையை (எந்த எழுத்துக்கு எந்தப் புள்ளிகள் என்ற பட்டியல்) வையுங்கள். மலையாளக் குறிப்பில் புரியாத குறிகள் வந்தால் மலையாள அட்டவணைக்கு மாற்றுங்கள். புதிதாகப் பழக வேண்டியது அதிகமில்லை. இந்திய மொழிகளுக்குப் பொதுவான பாரதி பிரெய்லில் 'க' இரண்டு மொழியிலும் 1, 3 புள்ளிகள்தான்.

குறிப்புகளை யூனிகோடில் கேட்டு வாங்குங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்ததைத் திரையில் பார்த்தால் தமிழ். ஸ்க்ரீன் ரீடருக்கு அது வெறும் ஆங்கில எழுத்துக் குப்பை. ஸ்கேன் செய்த பிடிஎஃப் என்றால் கூகுள் டிரைவில் ஏற்றி, டாக்ஸில் திறந்தால் எழுத்தாக மாறும்.

கேள்வி: டிஸ்ப்ளேயில் சில புள்ளிகள் எழும்பவில்லை. கருவி கெட்டுவிட்டதா?
– வாசகர், செங்கோட்டை

பதில்: எந்த வரியைப் படித்தாலும் அதே செல்லில் அதே புள்ளிதான் எழும்பவில்லை என்றால், பெரும்பாலும் அழுக்கு. நேந்திரங்காய் சிப்ஸ் தின்ற கையோடு தொட்டால் எண்ணெயும் தூசியும் புள்ளியாக எழும்பும் சின்னப் பின்னைப் பிடித்துக்கொள்ளும். அணைத்துவிட்டு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் லேசாக நனைத்த காட்டன் பட்ஸால் துடையுங்கள். நேராக ஊற்றவே கூடாது. இதைத் தள்ளிப்போட வேண்டாம்: 3-ஆம் புள்ளி எழும்பாவிட்டால் 'க' விரலுக்கு 'அ' ஆகிவிடும்.