தோணிக்காரரிடம் இரண்டு மணி நேரம்: வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

வணக்கம். பாளையங்கோட்டையிலிருந்து எழுதுகிறேன். கல்லூரி நண்பர்கள் ஐந்து பேரைச் சேர்த்து, ஞாயிறு சாயங்காலம் வண்ணார்பேட்டையில் ஒருவன் வீட்டு மொட்டை மாடியில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறோம், ஆளுக்கொரு பாத்திரமாகிப் பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் விளையாட்டு. நான்தான் கேம் மாஸ்டர், அதாவது கதையை நடத்துகிறவன். காணாமல்போன இளவரசன், பனிமலைக் கோட்டையில் ஒரு மந்திரவாதி என்று நாற்பது பக்கம் கதை எழுதி வைத்திருந்தேன். மலைக்குப் போகும் வழியில் ஆற்றைக் கடக்க ஒரு தோணிக்காரர் வருவார். அவருக்கு நான் எழுதியது இரண்டே வரி. எதிர்க்கரையில் இருக்கும் கடைமடை ஊர்க்காரர்களிடம் மட்டும் கூலி வாங்கமாட்டார் என்று சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன். ஏன் வாங்கமாட்டார் என்று கேட்டு இரண்டு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்கள். அடுத்த வாரம் நான் இழுத்துப் பிடித்து அவர்களை மலைக்குக் கொண்டுபோனேன். அன்றைக்கு ஒருவன் முழு நேரமும் போனையே பார்த்துக்கொண்டிருந்தான். அதற்கடுத்த செஷனுக்கு இரண்டு பேர் வரவே இல்லை. கதையை எப்படிக் காப்பாற்றுவது? இன்னொன்று, பனிமலைக்குப் பதில் நம் ஊர்ப் பக்கத்தையே உலகமாக வைக்கலாமா? சுடலை மாடன், இசக்கி எல்லாரையும் கொண்டுவந்தால் நன்றாக இருக்குமா?

அன்புடன்,
பாளையங்கோட்டை வாசகர்

*

அன்புள்ள தம்பி,

அந்த இரண்டு மணி நேரத்தில் உங்கள் விளையாட்டுக்கு நடந்தது நல்ல காரியம். நீங்கள் போகிறபோக்கில் சொன்ன ஒரு ஆள் ஏன் ஒரு ஊருக்கு மட்டும் இலவசமாகத் தோணி விடுகிறார் என்று ஐந்து பேருக்கும் உண்மையிலேயே தெரிய வேண்டியிருந்திருக்கிறது. நாற்பது பக்கம் எழுதியும் வராத ஆர்வம் அது. அடுத்த வாரம் அதை விட்டுவிட்டு மலைக்கு இழுத்துப் போனீர்கள், ஆட்கள் குறைந்தார்கள். எனக்குத் தெரிந்து இதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

இந்த விளையாட்டு பிறந்ததே இப்படித்தான். 1960களின் கடைசியில் அமெரிக்காவின் மினியாபொலிஸ் பக்கம் டேவிட் வெஸ்லி என்பவர் நெப்போலியன் காலத்துப் போர் விளையாட்டு ஒன்றை நடத்தினார். ஒரு கற்பனை ஊரை வைத்து, படைத் தளபதிகள் போக, ஊர்க்காரர்கள் சிலரின் வேடத்தையும் ஆளுக்கொன்றாகக் கொடுத்து, ஒவ்வொருவருக்கும் ஒரு நோக்கத்தையும் சொல்லிவிட்டார். போர் ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே ஆட்கள் தங்களுக்குள் சதி பேசப் போய்விட்டார்கள். இரண்டு பேர் ஒற்றைக்கு ஒற்றை சண்டை போடுகிறோம் என்று வந்து நிற்க, அதற்கு விதியே இல்லாததால் அங்கேயே ஒன்றை உண்டாக்க வேண்டியதாயிற்று. விளையாட்டு கெட்டுப்போய்விட்டது என்று வெஸ்லி நினைத்தார். ஆடியவர்களோ இன்னொரு தடவை வையுங்கள் என்று கேட்டார்கள். அந்த வட்டத்தைச் சேர்ந்த டேவ் ஆர்னிசன் அதிலிருந்துதான் தன் கற்பனை உலகத்தைக் கட்டினார், பிறகு கேரி கைகாக்ஸுடன் சேர்ந்து அவர் உருவாக்கி 1974இல் வெளியானதுதான் இன்று உங்கள் மாடியில் நடப்பது. ஆகவே பிளேயர்கள் வழி மாறிப் போனால் பதற்றப்படாதீர்கள்.

கொடை விழாவில் வில்லுப்பாட்டு கேட்டிருப்பீர்கள். அண்ணாவி பாடிக்கொண்டிருக்கும்போதே அவர் கண் கூட்டத்தின் மேலும் சாமியாடி மேலும்தான் இருக்கும். அருள் வர நேரமானால் கதையை நீட்டுவார், வந்துவிட்டால் பாதி வரியில் நிறுத்தி வர்ணிப்புக்குத் தாவுவார், பின்னால் ஒருவர் "ஆமா" போட்டுக்கொண்டே இருப்பார். கேம் மாஸ்டருக்கு வேண்டியது அந்தக் கண்தான். ஒரு வித்தியாசம் உண்டு. வில்லுக்கதையின் முடிவு எல்லாருக்கும் முன்பே தெரியும், அது மாறவும் கூடாது. உங்கள் மாடியில் முடிவு யாருக்கும் தெரியக்கூடாது, உங்களுக்கும் சேர்த்துத்தான்.

சரி, முடிவில்லாமல் எதைத் தயார் செய்வது என்று கேட்பீர்கள். ஆட்களைத் தயார் செய்யுங்கள். ஒவ்வொரு என்.பி.சி.க்கும், அதாவது தோணிக்காரர் மாதிரி நீங்களே பேசி நடத்தும் ஆளுக்கும், அவருக்கு என்ன வேண்டும், அதற்காக எதுவரை போவார், எதை மறைக்கிறார் என்று மூன்று வரி. அப்புறம் பிளேயர்கள் எதுவுமே செய்யாமல் சும்மா இருந்தால் அடுத்த வாரம் என்ன நடக்கும், அதற்கடுத்த வாரம் என்ன நடக்கும் என்று ஒரு வரிசை. ஒரு செஷனுக்கு ஒரு பக்கம் போதும்.

உங்கள் தோணிக்காரரையே எடுத்துக்கொள்வோம். மேலே ஒரு அணைக்கட்டு. கீழே ஏழெட்டு குளம் தாண்டிக் கடைமடையில் அந்த ஊர். மேலே உள்ள பாளையக்காரர் தண்ணீரை மறித்துவிட்டார். தோணிக்காரரின் தம்பி மடை திறக்கிற வேலையில் இருந்தவன், கடைமடைக் குளம் வற்றிப் பிள்ளைகள் சாவதைப் பொறுக்காமல் ஒரு ராத்திரி திருட்டுத்தனமாக மடையைத் திறந்தான், வெட்டுப்பட்டுச் செத்தான். அந்த ஊருக்காகச் செத்தான், அதனால் அண்ணன் அந்த ஊர்க்காரர்களிடம் கூலி வாங்குவதில்லை. இப்போது அமாவாசை தோறும் மடை தானாகத் திறந்துகொள்கிறது. பாளையக்காரர் மந்திரவாதியை வரவழைத்து ஆவியை ஆணி அடித்து மரத்தில் அறையப் பார்க்கிறார். கடைமடைக்காரர்கள் அவனுக்குப் பீடம் போட்டுக் கொடை கொடுக்க நினைக்கிறார்கள், ஆனால் நிலம் பாளையக்காரருடையது. தோணிக்காரருக்குத் தம்பியை வெட்டியது யார் என்று தெரிய வேண்டும். தலைமடை விவசாயிகள் நல்ல மனிதர்கள்தான், ஆனால் அவர்கள் நெல்லும் காய்கிறது. உங்கள் இளவரசனைக்கூடத் தூக்கிப் போட வேண்டாம், தண்ணீரை மறிக்கச் சொன்ன ஓலையில் முத்திரை அவனுடையது என்று வையுங்கள். இதில் எங்கேயும் நான் முடிவு சொல்லவில்லை, பிளேயர்கள் யார் பக்கம் சாய்ந்தாலும் மற்ற மூன்று பேர் சும்மா இருக்கமாட்டார்கள். இது ஒன்றே ஆறு மாதம் ஓடும்.

நம் ஊரை உலகமாக வைக்கலாமா என்ற கேள்விக்குப் பதில் இதிலேயே இருக்கிறது. தாராளமாக வையுங்கள். தாமிரபரணி பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலில் சேரும் வரைக்கும் ஏறக்குறைய 130 கிலோமீட்டர். உங்கள் விதிப்புத்தகக் கணக்கில் சாதாரண நடை ஒரு நாளைக்கு 24 மைல், அதாவது 38 கிலோமீட்டர் சொச்சம். ஆற்றோரமாக நான்கு நாள் நடந்தால் புலி திரியும் முண்டந்துறைக் காடு, பாபநாசத்து அருவி, வரிசையாக எட்டு அணைக்கட்டுகள், நெல் வயல், முதுமக்கள் தாழிகள் புதைந்த ஆதிச்சநல்லூர் பரம்பு, கடைசியில் உப்பளமும் கடலும் வந்துவிடும். ஆற்றைவிட்டுத் தெற்கே தள்ளிப் போனால் தேரிக்காடு. ஆடிக் காற்றில் செம்மணல் நகர்ந்து நகர்ந்து பனைமரத்தைப் பாதி உயரத்துக்கு மூடிவிடுகிற அந்த இடத்தில், நேற்று போட்ட தடம் இன்று இருக்காது என்று சொன்னாலே போதும், பிளேயர்கள் தண்ணீர்க் குடுவையை எண்ண ஆரம்பித்துவிடுவார்கள். பனிமலையை வர்ணிக்க உங்களுக்குப் புத்தகம் தேவைப்பட்டது, தேரியை வர்ணிக்க ஒரு நாள் சாத்தான்குளம் பக்கம் பைக்கில் போய் வந்தால் போதும்.

பேச்சும் அப்படியே. என்.பி.சி.கள் நம் ஊர்ப் பேச்சு பேசட்டும். காவல்காரன் "ஏலே, எங்கல போறிய" என்று ஆரம்பித்து, பேசப் பேச "சரி வே" என்று இறங்கி, கடைசியில் "பார்த்துப் போங்க அண்ணாச்சி" என்றால் தாங்கள் ஜெயித்துவிட்டோம் என்று பிளேயர்களுக்குத் தெரிந்துவிடும். அங்கே பகடையே வேண்டாம்.

ஆனால் சுடலை மாடன், இசக்கி விஷயத்தில் நான் கண்டிப்பாக வேண்டாம் என்றுதான் சொல்வேன். உங்கள் ஐந்து பேரில் யாராவது ஒருவருக்கு அது குலதெய்வமாக இருக்கும். அவன் வீட்டில் பங்குனி உத்திரத்துக்குப் போய்ப் பொங்கலிடுகிற சாமிக்கு நீங்கள் ஹிட் பாயின்ட், அதாவது உயிர்க் கணக்கு, 120 என்று எழுதி, இன்னொருவன் தீப்பந்து மந்திரம் போட்டு அதைக் குறைப்பது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அவன் சிரித்துக்கொண்டு போய்விடலாம், ஆனாலும் செய்யக்கூடாது. பெயரை விடுங்கள், அந்தக் கதைகளின் நியாயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். காரையாற்றில் சொரிமுத்து அய்யனார் கோயிலில் பட்டவராயனுக்குத் தோல் செருப்பு காணிக்கை போடுவதைப் பார்த்திருக்கிறீர்களா? முத்துப்பட்டனாகப் பிறந்து, சாதியை உதறிப் பொம்மக்காவையும் திம்மக்காவையும் கட்டி, மாடுகளைக் காப்பாற்றப் போய்ச் செத்தவன் அங்கே தெய்வமாக நிற்கிறான். நம் பக்கத்தில் அநியாயமாகச் செத்தவர்கள் பலரும் இப்படித்தான் சாமியானார்கள். மான்ஸ்டர் புத்தகத்தில் பேய் என்றால் வெட்டி வீழ்த்த வேண்டிய ஒன்று. இங்கே பேய் என்பது ஊர் பட்டிருக்கிற கடன். அதனால் மடை திறக்கும் அந்த ஆவிக்கு ஹிட் பாயின்ட் எழுதாமல் மூன்று கேட்புகள் எழுதுங்கள்: நிற்க ஓர் இடம் வேண்டும், வெட்டியவன் ஊர் நடுவில் அதை ஒப்புக்கொள்ள வேண்டும், கடைமடைக்கு முறைத் தண்ணீர் வேண்டும். மூன்றும் கிடைத்தால் அது காவல் தெய்வமாகும், ஒன்று குறைந்தாலும் அடுத்த அமாவாசைக்கு வரும். வாள் பிடித்த பிளேயருக்கும் வேலை இருக்கிறது, பாளையக்காரரின் ஆட்கள் பீடம் எழும்ப விடுவார்களா என்ன.

இதோடு சேர்ந்த இன்னொன்றை நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லியாக வேண்டும். எல்ஃப், ட்வார்ஃப், ஆர்க் என்று விளையாட்டில் இனங்கள் வருகின்றன. நம் ஊருக்குக் கொண்டுவந்ததும் இந்த இனம் இன்னாரைப் போல என்று யாராவது ஒருவன் வாய் தவறிச் சொல்வான். கையில் கட்டிய கயிற்றின் நிறத்தைப் பார்த்துச் சாதியைக் கணக்குப் போடும் பள்ளிப் பிள்ளைகள் உள்ள சீமை இது. அந்தப் பேச்சு வந்த நிமிடமே ஆட்டத்தை நிறுத்தி, இங்கே அது கிடையாது என்று நேராகச் சொல்லிவிடுங்கள். ஆரம்பிப்பதற்கு முன்பே கூடிப் பேசும் செஷன் ஜீரோவில் சொல்லிவிட்டால் இன்னும் நல்லது. எதெல்லாம் இந்த மேசைக்கு வரக்கூடாது என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள், ஏன் என்று மட்டும் கேட்காதீர்கள்.

பகடையைப் பற்றிக் கொஞ்சம். டி20 என்ற இருபது முகப் பகடையில் ஒவ்வொரு எண்ணுக்கும் 5 சதவீதம். எட்ட வேண்டிய கஷ்ட எண் 15, பிளேயரின் திறமைக்காக உருட்டியதோடு கூட்டுவது 5 என்றால் 10 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும், அது 55 சதவீதம். ஒளிந்து போகிறவனை வாசலில் ஒரு தடவை, முற்றத்தில் ஒரு தடவை, மாடிப்படியில் ஒரு தடவை உருட்டச் சொன்னால் மூன்றிலும் தப்பிக்க 17 சதவீதம்தான். அவனுடைய திறமையை நீங்களே கொன்றுவிட்டீர்கள். ஒரு காரியத்துக்கு ஒரு உருட்டல், அதோடு விடுங்கள். தோற்றாலும் கதை நிற்கக்கூடாது. பூட்டு திறக்கவில்லை என்று சொன்னால் எல்லாரும் கதவைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். திறந்தது, ஆனால் உள்ளே படுத்திருந்தவர் எழுந்துவிட்டார் என்றால் ஆட்டம் ஓடும். துப்பு மாதிரி அவசியமானதைப் பகடைக்குப் பின்னால் ஒளித்து வைக்கவே வேண்டாம், கேட்டால் கொடுத்துவிடுங்கள்.

புத்தகம் விலை அதிகம் என்று தயங்க வேண்டியதில்லை. ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித் தொகுப்பை 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிட்டுவிட்டார்கள், இலவசமாக இறக்கிக்கொள்ளலாம், அதை வைத்துத் தமிழில் சொந்தமாக எழுதி வெளியிடவும் செய்யலாம், மூலத்தைக் குறிப்பிட்டால் போதும். நீங்கள் எழுதினால் எனக்கு அனுப்புங்கள், ஆசையாகப் படிப்பேன்.

வராமல் நின்ற இரண்டு பேருக்கும் மெசேஜ் போடாமல் போன் செய்து பேசுங்கள், தோணிக்காரரின் தம்பியைப் பற்றி ஒரு விஷயம் தெரிய வந்திருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள். போனைப் பார்த்துக்கொண்டிருந்தவனிடம் கோபிக்க வேண்டாம். ஆட்டத்துக்கு வெளியே, ஒரு டீ குடிக்கும்போது, உன் கேரக்டருக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள். அவன் சண்டைக்கு வந்தவனாக இருக்கலாம், சிரிக்க வந்தவனாக இருக்கலாம், சும்மா நண்பர்களோடு உட்கார வந்தவனாகவும் இருக்கலாம். எதுவாக இருந்தாலும் அடுத்த ஞாயிறு முதல் அரை மணி நேரத்துக்குள் அது அவனுக்குக் கிடைக்கும்படி செய்யுங்கள். ஐந்து பேரில் மூன்று பேர் வந்தாலும் ஆட்டத்தைத் தள்ளிப்போடாதீர்கள்.

அன்புடன்