கேள்வி பதில்: சீன எல்லையில் ஒப்பந்தங்கள் எதைக் காப்பாற்றின, எங்கே கைவிட்டன

இந்திய-சீன எல்லைப் பேச்சுவார்த்தை பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். நிறைய வந்திருக்கிறது, முடிந்தவரை பார்க்கிறேன். கேட்பதற்கு முன் ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். பாகிஸ்தான் பக்கம் இருப்பது எல்.ஓ.சி., அதாவது கட்டுப்பாட்டுக் கோடு. அதை 1972இல் இரு ராணுவமும் வரைபடத்தில் குறித்துக் கையெழுத்துப் போட்டிருக்கின்றன. சீனா பக்கம் இருப்பது எல்.ஏ.சி., அதாவது நடைமுறைக் கட்டுப்பாட்டுக் கோடு. அது எங்கே ஓடுகிறது என்று இரண்டு நாடும் சேர்ந்து ஒப்புக்கொண்ட வரைபடமே கிடையாது. இரண்டையும் குழப்பிக்கொண்டால் எந்தப் பதிலும் புரியாது.

கேள்வி: துப்பாக்கி வைத்திருந்தும் சுடாமல் இருப்பது எந்த ஊர் வழக்கம்? இது எப்போது ஆரம்பித்தது?

பதில்: நல்ல கேள்வி, கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். 1962 போருக்குப் பிறகு 1967இல் சிக்கிமின் நாதுலாவில் பீரங்கிச் சண்டையே நடந்தது. 1975இல் அருணாச்சலத்தின் துலுங் லாவில் அசாம் ரைஃபிள்ஸ் வீரர்கள் 4 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 1986-87இல் அதே அருணாச்சலத்தின் சும்டொராங் சூ பள்ளத்தாக்கில் இரண்டு பக்கமும் படையைக் குவித்து, இன்னொரு போர் வந்துவிடுமோ என்ற நிலை. அதற்குப் பிறகுதான் 1988 டிசம்பரில் ராஜீவ் காந்தி பெய்ஜிங் போனார். எல்லைத் தகராறு தீரும்வரை மற்ற எதையும் பேசமாட்டோம் என்ற பழைய பிடிவாதத்தைத் தளர்த்தி, எல்லையில் அமைதி இருக்கட்டும், தகராறைத் தனியாகப் பேசுவோம், வியாபாரமும் நடக்கட்டும் என்று இரு தரப்பும் ஒரு வழிக்கு வந்தன. அந்த முடிவின் மேல்தான் 1993இல் நரசிம்ம ராவ் காலத்து ஒப்பந்தமும், 1996இல் ஜியாங் ஜெமின் டெல்லி வந்தபோது போட்ட ஒப்பந்தமும் நிற்கின்றன.

1996 ஒப்பந்தத்தைப் படித்தால் எவ்வளவு நுணுக்கமாக யோசித்திருக்கிறார்கள் என்று தெரியும். எல்.ஏ.சி.யிலிருந்து 2 கிலோமீட்டருக்குள் சுடக்கூடாது, வெடி வைக்கக்கூடாது, துப்பாக்கியோடு வேட்டைக்குக்கூடப் போகக்கூடாது. போர் விமானம் 10 கிலோமீட்டருக்குள் பறக்கக்கூடாது. 15,000 பேருக்கு மேல் சேர்ந்து செய்யும் ராணுவப் பயிற்சியைக் கோட்டுக்குப் பக்கத்தில் தவிர்க்க வேண்டும். முயல் சுட ஒருவன் வைத்த குண்டு எதிர்ப்பக்கத்தில் எப்படிக் கேட்கும் என்பதுவரை யோசித்த ஏற்பாடு இது.

களத்தில் இது எப்படி நடக்கும் என்றால், இரண்டு ரோந்துக் குழுக்கள் எதிரெதிரே வந்துவிட்டால் நின்றுவிடுவார்கள். ஒரு துணிப் பதாகையை விரித்துப் பிடிப்பார்கள். இது எங்கள் இடம், திரும்பிப் போங்கள் என்று அதில் எழுதியிருக்கும். எதிர்த்தரப்பும் அதே மாதிரி ஒன்றை விரிக்கும். கொஞ்ச நேரம் சத்தம், பிறகு இரண்டு பேரும் பின்வாங்கிப் போவார்கள். விஷயம் பெரிதானால் சுஷூல், நாதுலா, பும் லா மாதிரி குறித்துவைத்த இடங்களில் அதிகாரிகள் உட்கார்ந்து பேசுவார்கள். இப்படியே சுமார் 45 வருடம் அந்த எல்லையில் சண்டையில் ஒரு உயிர்கூடக் குண்டடிபட்டுப் போகவில்லை.

கேள்வி: போர் வருமா?

பதில்: ஜோசியம் எனக்குத் தெரியாது. போர் வராமல் தடுக்க என்னென்ன ஏற்பாடு இருக்கிறது என்று கேளுங்கள், சொல்கிறேன்.

கேள்வி: மாமல்லபுரத்தில் இளநீர் குடித்துவிட்டுப் போன ஜி ஜின்பிங் எட்டு மாதத்தில் லடாக்கின் கல்வான் பள்ளத்தாக்குக்குப் படையை அனுப்பினார். இந்தச் சந்திப்புகளால் என்ன பயன்?

பதில்: 2019 அக்டோபர் சந்திப்பில் கூட்டறிக்கை கிடையாது, கையெழுத்தான காகிதம் கிடையாது. அதற்கு முந்தைய வருடம் வூஹானில் நடந்ததும் அதே வகைதான். தலைவர்கள் மனம்விட்டுப் பேசினால் கீழே இருப்பவர்களுக்கு ஒரு சமிக்ஞை போகும் என்பது கணக்கு. ஆனால் வூஹானுக்குப் பிறகு கிடைத்த அந்த அவகாசத்தில் எல்.ஏ.சி. எங்கே என்ற அடிப்படைக் கேள்வியைத் தொடவே இல்லை. என் கோபம் அங்கேதான். ஐந்து ரதம் பக்கத்தில் எடுத்த படம் எல்லோருக்கும் நினைவிருக்கிறது, எல்லை வரைபடத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

கேள்வி (திருச்சியிலிருந்து): ஒப்பந்தம் ஒப்பந்தம் என்று சொல்லி நம் வீரர்கள் கையைக் கட்டிப்போட்டுத்தானே கல்வான் கைகலப்பில் 20 பேரைப் பறிகொடுத்தோம்? கிழித்துப் போட வேண்டியதுதானே?

பதில்: உங்கள் ஆற்றாமை புரிகிறது. ராமநாதபுரம் மாவட்டத்து ஹவில்தார் பழனியும் அந்த 20 பேரில் ஒருவர். ஆனால் ஆயுதம் இல்லாமல் அனுப்பினார்கள் என்பது சரியில்லை. ஆயுதம் இருந்தது, நேருக்கு நேர் மோதலில் சுடுவதில்லை என்பது நீண்டகால நடைமுறை என்று வெளியுறவு அமைச்சரே அப்போது சொன்னார். 2020 ஜூன் 15 இரவு கல்வான் பள்ளத்தாக்கில் துப்பாக்கி வெடித்திருந்தால் அது ஒரு பள்ளத்தாக்கோடு நின்றிருக்குமா என்று யோசியுங்கள்.

திருச்சி நண்பர் திரும்ப: அப்போது 20 பேர் செத்தது பரவாயில்லை என்கிறீர்களா?

பதில்: இல்லை. நான் சொல்லாததை என் வாயில் போடாதீர்கள். அந்த 20 உயிருக்கு யார் பொறுப்பு என்று கேட்டால், படையைக் குவித்து 1993, 1996 ஒப்பந்தங்களை மீறிய சீனாதான் முதல் பொறுப்பு. தங்கள் தரப்பில் 4 பேர் இறந்ததாக அவர்கள் ஒப்புக்கொள்ளவே 2021 பிப்ரவரி ஆனது.

இன்னொருவர்: திருச்சி நண்பர் கேட்பது நியாயம். எதிரி மதிக்காத காகிதத்தை நாம் மட்டும் ஏன் மதிக்க வேண்டும்?

பதில்: இதற்குத்தான் 1996 ஒப்பந்தத்தின் 10ஆவது பிரிவைப் படியுங்கள் என்கிறேன். இதில் சில விதிகள் முழுமையாக நடைமுறைக்கு வருவது, எல்.ஏ.சி. எது என்று இருவரும் ஒரு முடிவுக்கு வருவதைப் பொறுத்தது என்று ஒப்பந்தமே சொல்கிறது. அந்த வேலைதான் நடக்கவில்லை. 2000இல் இமாச்சல், உத்தராகண்ட் பக்கத்து மத்தியப் பகுதி வரைபடங்களை ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொண்டார்கள். 2002இல் லடாக் இருக்கும் மேற்குப் பகுதிக்கு வந்ததும் சீனா நின்றுவிட்டது. கோடு எங்கே என்று தெரியாதபோது, கோட்டிலிருந்து 2 கிலோமீட்டர் என்பதை எங்கிருந்து அளப்பது? லடாக்கின் பாங்கோங் ஏரிக்கரையில் விரல்போல நீளும் மலைமுகடுகளை ஃபிங்கர் என்று எண் போட்டு அழைப்பார்கள்; ஃபிங்கர் 8 வரை நமது என்று நாம் ரோந்து போனோம், ஃபிங்கர் 4 வரை எங்களது என்று அவர்கள் வந்தார்கள். இடையில் இருக்கும் அந்த நிலத்தில்தான் கைகலப்பு நடந்தது. ஒப்பந்தத்தைக் கிழித்தால் இந்த ஓட்டை அடைபடாது, இருக்கிற தடுப்பும் போய்விடும். 2020 செப்டம்பரில் பாங்கோங் தென்கரையில் வானத்தை நோக்கிச் சுட்ட சில குண்டுகளுக்கே இரண்டு தலைநகரும் எப்படிப் பதறின என்று பார்த்தோம்.

எதிரி மதிக்காததை ஏன் மதிக்க வேண்டும் என்றால், பேச்சு மட்டும் போதும் என்று நானும் சொல்லவில்லை. 2020 ஆகஸ்ட் கடைசியில் நம் ராணுவம் பாங்கோங் தென்கரைப் பக்கத்துக் கைலாஷ் மலைத்தொடரின் உச்சிகளில் ஏறி உட்கார்ந்தது. அதற்குப் பிறகுதான் சுஷூல்-மோல்டோ சந்திப்பிடத்தில் ராணுவ அதிகாரிகள் நடத்திய பேச்சுவார்த்தைக்கு வலு வந்தது, 2021 பிப்ரவரியில் பாங்கோங்கில் இரு பக்கமும் பின்வாங்கின. கையில் கொடுப்பதற்கு ஏதாவது இருப்பவன் பேச்சைத்தான் மேஜையில் கேட்பார்கள்.

கேள்வி: மூன்றாம் உலகப் போர் இங்கிருந்துதான் தொடங்குமா?

பதில்: மேலே பார்க்கவும்.

கேள்வி: சீனப் பொருள்களைப் புறக்கணித்தால் வழிக்கு வருவார்களா?

பதில்: வர்த்தகம் என் துறை இல்லை. பொருளாதாரம் தெரிந்தவரிடம் கேளுங்கள்.

கேள்வி: டோக்லாம் மட்டும் எப்படி ரத்தம் சிந்தாமல் முடிந்தது?

பதில்: பூடானை ஒட்டிய டோக்லாமில் இரு படையும் எதிரெதிரே நின்றது 2017 ஜூன் மத்தியில் ஆரம்பித்து ஆகஸ்ட் 28இல் முடிந்தது. செப்டம்பர் முதல் வாரம் சீனாவின் ஷியாமென் நகரில் பிரிக்ஸ் மாநாடு, மோடி வராமல் போனால் நடத்துகிறவருக்குத் தலைக்குனிவு. அதே போல லடாக்கின் டெப்சாங், டெம்சோக் ரோந்து பற்றிய உடன்பாடு 2024 அக்டோபர் 21இல் அறிவிக்கப்பட்டது, இரண்டு நாள் கழித்து கசானில் பிரிக்ஸ் மாநாட்டின்போது மோடியும் ஜியும் சந்தித்தார்கள். மாநாட்டுத் தேதி கிட்ட வரும்போது அதிகாரிகளுக்கு ஒரு கெடு கிடைக்கிறது. அதைப் பயன்படுத்தத் தெரிவதும் ராஜதந்திரத்தில் ஒரு பகுதி.

கேள்வி: 1962க்கு நேருதானே காரணம்?

பதில்: அது தனிக் கதை, இங்கே ஆரம்பித்தால் முடியாது.

கேள்வி: பாகிஸ்தான் எல்.ஏ.சி.யில் ஏன் இப்படிச் சுடாமல் இருக்க ஒப்பந்தம் போடக்கூடாது?

பதில்: ஆரம்பத்திலேயே சொன்னேன், அது எல்.ஓ.சி. அங்கே 2003 போர்நிறுத்த உடன்பாட்டை 2021இல் புதுப்பித்தார்கள். தயவுசெய்து மேலே எழுதியதைப் படித்துவிட்டுக் கேளுங்கள், இதே குழப்பம் பலமுறை வந்துவிட்டது.

கேள்வி: 2024 உடன்பாட்டோடு எல்லாம் பழைய நிலைக்கு வந்துவிட்டதா?

பதில்: இல்லை. நேருக்கு நேர் நின்ற படைகள் விலகியது ஒரு படி. பின்னால் குவித்துவைத்த பல்லாயிரம் வீரர்களைப் பழைய முகாம்களுக்குத் திருப்பி அனுப்புவது அடுத்த படி, அந்த உடன்பாடு அதைச் செய்யவில்லை. கல்வான், பாங்கோங், கோக்ராவில் இடையக மண்டலம் வைத்திருக்கிறார்கள், அங்கே இருவரும் ரோந்து போவதில்லை. மோதல் வராது, சரி. ஆனால் நாம் முன்பு போய்வந்த இடமும் அதில் இருக்கிறது, சுஷூல் பக்கத்து ஆடு மேய்ப்பவர்களின் மேய்ச்சல் நிலமும் இருக்கிறது. திபெத்துக்குப் போகும் கைலாஷ்-மானசரோவர் யாத்திரை 2025இல் திரும்பத் தொடங்கியது நல்ல செய்தி. மேற்குப் பகுதி வரைபடம் மட்டும் 2002இல் நின்ற இடத்திலேயே நிற்கிறது.